போகிக்குள் 8,750 ரூபாய் வேண்டும்

அன்புள்ள ஊர்ப் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

நூலக வாசகர் வட்டம் நடத்தும் விண்மீன் வகுப்புக்கு இன்னும் 8,750 ரூபாய் குறைகிறது. போகிக்கு முன் கைக்கு வந்தால்தான் சாமான் வாங்க முடியும். பொங்கலுக்குக் கடை அடைத்துவிடுவார்கள். வகுப்பு தை அமாவாசையன்று; அன்று நிலா தொந்தரவு இல்லை. இரவு எட்டு மணிக்குக் கார்த்திகை உச்சியில் நிற்கும், திருவாதிரை கிழக்கே ஏறியிருக்கும். அதை விட்டால் பரீட்சைக் காலம்.

ஆலங்காயத்தை அடுத்த காவலூர் லேசான ஊரா? 1968ல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு தொடங்கிய வானாய்வகம். 1977ல் யுரேனஸின் வளையங்கள் தெரியவந்த இடங்களில் அதுவும் ஒன்று. 1988ல் அங்கே கண்ட சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயர். அந்த மலையடிவாரத்துப் பிள்ளைக்குத் திருவாதிரை எது என்று தெரியாவிட்டால் கேவலம் பிள்ளைக்கு அல்ல.

முருகனை வளர்த்த கார்த்திகைப் பெண்கள் கதையைச் சொல்லி, வானத்தில் ஆறு பேரையும் எண்ண வைப்போம். அருந்ததிக்கு விடியற்காலை ஐந்து மணி. (பகல் முகூர்த்தத்தில் புரோகிதர் கை காட்டிய பக்கம் பார்த்துத் தலையாட்டியவர்கள்தானே நாம் எல்லோரும்.)

கைவேலைக்குத் துணி சுற்றிவரும் அட்டைக்குழல், 20 செ.மீ. துண்டு. கருப்பு அட்டையைத் தெர்மாகோல் மேல் வைத்து விண்மீன் படத்தின்படி துளை போட்டு, அதனால் குழலின் ஒரு வாயை மூட வேண்டும். திருவாதிரைக்கும் அதே வேட்டைக்காரன் (ஓரையன்) கூட்டத்துப் பிரகாச விண்மீன் ரைஜலுக்கும் கோணி ஊசி, இடையிலுள்ள மூன்று விண்மீன்களுக்கும் தையல் ஊசி. எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி என்றால் பிரகாசம் தெரியாது. படத்தை அட்டையின் உள்பக்கம் ஒட்டித்தான் குத்த வேண்டும். வெளிப்பக்கம் ஒட்டினால் குழலில் பார்க்கும்போது இடம் வலமாகிவிடும். போன வருஷம் பாதிக் குழல்கள் இப்படித்தான் வீணாயின. டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டாயம். வெள்ளை வெளிச்சம் பட்டால் கண் மறுபடி இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் ஆகும்.

90 பிள்ளைகளுக்குச் சாமான் தலா 85 வீதம் 7,650. 7×50 பைனாகுலர் இரண்டு 9,000. சுண்டலும் பாலும் 4,500. மொத்தம் 21,150; கையில் 12,400.

குழல்களைச் சும்மா தந்த ஜவுளிக்கடைக்காரர், மொட்டை மாடியையும் பாயையும் கொடுத்த அரிசி மண்டி அண்ணாச்சி, சுண்டலை மூன்று முறை அவித்துக் கொடுத்த தெருப் பெண்கள், இரண்டு மணி நேரம் கோபுர விளக்கை அணைக்கச் சம்மதித்த கோயில் தர்மகர்த்தா, இவர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். சுவாமி குறை வைக்க மாட்டார்.

மொய்க்கு ஐநூறு எழுதும் கை, வாணத்துக்கு ஆயிரம் எரிக்கும் கை, இதற்கும் நீளலாம். 85 ரூபாயானாலும் நூலகத்தில் மாலை ஆறு மணிக்கு மேல் ரசீது உண்டு.