மல்லிகாவுக்கு ஒரு பதில்

ஜெலுத்தோங், பினாங்கு

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. சின்ன மகளுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் நலம். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில் எழுத முடியவில்லை என்றால் அது பாதிதான் உண்மை. உன் பேரனை மூன்று பையன்கள் சூழ்ந்துகொண்டு, நம்மை இழிவுபடுத்தும் ‘கெலிங்’ என்ற சொல்லைக் கத்தி, பையைப் பிடுங்கிச் சாக்கடையில் வீசினார்கள் என்று படித்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. “அடுத்த தடவை திருப்பி அடிடா என்று சொல்லிவிட்டேன், காந்தி கதையெல்லாம் அடி வாங்காதவர்கள் பேசுவது” என்று எழுதியிருந்தாய். அதற்கு அவசரப்பட்டுப் பதில் எழுத மனம் வரவில்லை.

இங்கே கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைக் கடக்கும்போதெல்லாம் பெயர்ப்பலகையைப் பார்க்கிறேன். அந்தப் பள்ளிவாசல் எழும்பிய காலத்தில் தென்னிந்தியர் என்பதற்குமேல் அந்தச் சொல்லில் ஒன்றுமில்லை. இன்று அதே சொல் ஒரு பிள்ளையை அழவைக்கிறது.

என் தாத்தாவைப் பற்றி உனக்கு முழுதாகச் சொன்னதே இல்லை. கிள்ளான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். 1941இல் சிலாங்கூர்த் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில் நம்மவர்கள் கேட்டவை என்னென்ன தெரியுமா? சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலி எங்களுக்கும் வேண்டும், கள்ளுக்கடையை மூடு, எங்கள் பெண்கள்மேல் கை வைக்காதே. கூடவே, துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதும் ஒன்று. தாத்தாவுக்குக் கூலியைவிட அந்தச் சைக்கிள்தான் பெரிது என்பாள் பாட்டி. பழைய சைக்கிள், மூன்று வருஷம் சேர்த்து வாங்கியது. மேட்டில் மூச்சுவாங்க மிதித்து ஏறுகிற நேரம் பார்த்துத் துரையின் கார் வரும். இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். கார் கிளப்பிய புழுதி அடங்கிய பிறகுதான் மறுபடி ஏறலாம்.

தலைவர் ஆர். எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது. சுட்டதில் ஐந்து பேர் செத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து, அதே தாத்தா நேதாஜியின் படையில் சேர்ந்து துப்பாக்கி தூக்கினார்.

“பார்த்தாயா, பொறுமை தோற்றதால்தானே?” என்று நீ கேட்பாய். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அதே 1943இல் அவருடைய தம்பியை, சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட மரண ரயில் பாதை வேலைக்கு ஜப்பான்காரன் பிடித்துப் போனான். நம் ஜனங்கள் பல்லாயிரம் பேர் போனார்களே, அதில் ஒருவர். திரும்பவில்லை. தாத்தாவின் படைக்கு ஆயுதம் தந்ததும் அந்த ஜப்பான்காரன்தான். துப்பாக்கி எடுத்தவனுக்குத் தோட்டா தர ஒருவன் வேண்டும், மல்லிகா. தருகிறவன் கணக்கு வேறாக இருக்கும். என் பயமெல்லாம் அங்கேதான். தாத்தாவைக் குறை சொல்லவில்லை. அவர் பட்டதை நான் படவில்லை.

மண்டேலாவும் ஆயுதம் எடுத்தவர்தானே என்று நீ எழுதியிருந்தாய். 1960இல் தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில்லில் போலீஸ் 69 பேரைச் சுட்டுக் கொன்று, அரசாங்கம் அவர் கட்சியையும் தடை செய்தபிறகுதான் 1961இல் அவர் ஆயுதப் பிரிவு தொடங்கினார். ஆயுத வழியைக் கைவிட்டால் விடுதலை என்று 1985இல் ஆசை காட்டியபோதும் மறுத்துவிட்டுச் சிறையிலேயே இருந்தார். அவர் செய்தது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அத்தனை கதவும் அடைபட்ட பிறகும், ஆள் சாகக்கூடாது என்று முதலில் மின்கம்பங்களையும் அரசாங்கக் கட்டடங்களையும்தான் குறிவைத்தார்கள். நம் பிள்ளைக்காக நாம் இதுவரை எந்தக் கதவைத் தட்டினோம், சொல்?

2007 நவம்பர் 25, நம் இந்தியர் உரிமைக்காகக் கோலாலம்பூரில் நடந்த ஹிண்ட்ராஃப் பேரணி ஞாபகமிருக்கிறதா? ஜாலான் அம்பாங்கில் கண்ணீர்ப் புகையில் இருவரும் ஒரே ஈரத்துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நம் பக்கத்தில் ஒரு பையன் கல்லை எடுத்தான். அவன் மணிக்கட்டைப் பிடித்தது நீதான். “ஒரே ஒரு கல் போதும் தம்பி, நாளைக்குப் பேப்பரில் அதுதான் வரும், நாம் கேட்டது எதுவும் வராது” என்றாய். கல்லைக் கீழே போட்டான், ஆனால் ஓடவில்லை, நம்மோடு நின்றான். அடுத்த மார்ச்சில் நடந்த தேர்தலில் 1969க்குப் பிறகு முதல் தடவையாக ஆளுங்கட்சிக்கு மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மை கைவிட்டுப் போனது. அந்த ஒரு நாளால்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நாளும் அதில் இருந்தது.

அதற்காக, அடி விழும்போது கையைக் கட்டிக்கொண்டு நில் என்று அவனிடம் சொல்லாதே. பதின்மூன்று வயதுப் பிள்ளையைச் சத்தியாக்கிரகி ஆக்க நமக்கு உரிமை கிடையாது. தடுக்கட்டும், தள்ளட்டும், கத்தட்டும், ஓடட்டும். பழிவாங்க மறுநாள் காத்திருக்க மட்டும் வேண்டாம். அங்கே அவர்கள் மூன்று பேர், இவன் ஒருவன். அந்தக் கணக்கை நாம்தான் மாற்ற வேண்டும்.

என்ன நடந்தது, யார் பார்த்தார்கள் என்று தேதி போட்டு அவன் கையாலேயே எழுதி வைக்கச் சொல். திங்கட்கிழமை காலை ரயிலில் வருகிறேன். செவ்வாய்க்கிழமை நீ, நான், அவன் அம்மா மூவரும் பள்ளிக்குப் போவோம். மற்ற இரண்டு தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இதே கதி என்று எழுதியிருந்தாயே, அவர்கள் அம்மாக்களையும் கூப்பிட்டு வை. எழுத்தில் பதில் வாங்காமல் எழுந்திருக்கக் கூடாது.

முட்டிவலிக்கு நீ கேட்ட தைலம் எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
சரஸ்