'14 மட்டும்' என்ற விடைக்குப் பூஜ்யமா?

இயங்குதளப் பாடத்துக்கு வினாத்தாளும் விடைக்குறிப்பும் தயாரிக்கும் குழுவினருக்கு,

வணக்கம். சென்ற பருவத் தேர்வின் விடைத்தாள்களைத் திருத்தியவர்களில் நானும் ஒருவன். இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள், ஒரு த்ரெட்டிலிருந்து (தனியாக ஓடும் ஒரு கட்டளைத் தொடரிலிருந்து) இன்னொன்றுக்கு மாறும்போது எவை சேமிக்கப்படுகின்றன என்பது 2 மதிப்பெண் வினா. 'எல்லா ரெஜிஸ்டர்களும், புரோகிராம் கவுண்டரும்' என்றது உங்கள் விடைக்குறிப்பு; அதாவது ப்ராசஸருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்கள் எல்லாமும், அடுத்து ஓட வேண்டிய கட்டளையின் முகவரியும். ஒரு விடைத்தாளிலோ, 'ரிஸ்க்-வி என்றால் 14 மட்டும்; புரோகிராம் கவுண்டர் தனியாகச் சேமிக்கப்படுவதில்லை' என்று இருந்தது (ரிஸ்க்-வி என்பது ஒரு ப்ராசஸர் வகை). குறிப்பின்படி பூஜ்யம் போடச் சொன்னார்கள். போட்டுவிட்டேன். மனம் ஒப்பவில்லை.

அந்தப் பிள்ளை எம்.ஐ.டி. பாடத்துக்காக எழுதிய சிறு இயங்குதளமான எக்ஸ்வி6-இன் கெர்னலைப் படித்திருக்க வேண்டும். அதில் த்ரெட்டை மாற்றும் அசெம்பிளி நிரல் ஒரு பக்கத்தைத் தாண்டாது. 'ஆர்ஏ' (திரும்ப வேண்டிய முகவரி), 'எஸ்பி' (ஃபங்ஷன்களின் தற்காலிக நினைவகமான ஸ்டாக்கின் முகவரி), பிறகு 'எஸ்0' முதல் 'எஸ்11' வரை. இந்த 14 ரெஜிஸ்டர்களையும் பழைய த்ரெட்டுக்குரிய 112 பைட் இடத்தில் எழுதுகிறது, புதியதன் மதிப்புகளை ஏற்றுகிறது, திரும்புகிறது. 'டி', 'ஏ' வரிசைகளின் 15 ரெஜிஸ்டர்களை அது சேமிப்பதே இல்லை. த்ரெட் மாறுவது அங்கே ஒரு சாதாரண ஃபங்ஷன் அழைப்பு என்பதுதான் காரணம். அழைத்த ஃபங்ஷனுக்கு அவை பிறகு வேண்டுமென்றால், நிரலை எந்திரக் கட்டளைகளாக்கும் கம்பைலர், அழைப்பதற்கு முன்பே அவற்றை ஸ்டாக்கில் எடுத்து வைக்க ஏற்பாடு செய்திருக்கும். 'எஸ்' வரிசை மட்டும் இரவல் பாத்திரம்; அழைக்கப்பட்ட ஃபங்ஷன் அதை வாங்கியபடியே திருப்பித் தந்தாக வேண்டும்.

புரோகிராம் கவுண்டர்? எங்கே திரும்புவது என்பது 'ஆர்ஏ'விலேயே இருக்கிறது. புதிய ப்ராசஸ் பிறக்கும்போது அதில் 'ஃபோர்க்ரெட்' என்ற ஃபங்ஷனின் முகவரியைப் போட்டுவிடுகிறார்கள். யாரும் அழைக்காத ஃபங்ஷனுக்குள் த்ரெட் 'திரும்பி' வருகிறது! முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

உங்கள் குறிப்புக்கும் ஓர் இடம் உண்டு. பயனர் நிரல் ஓடிக்கொண்டிருக்கையில் டைமர் இன்டரப்ட் (கடிகாரம் தரும் குறுக்கீடு) எந்த வரியில் வந்து விழும் என்று கம்பைலருக்குத் தெரியாது. அதனால்தான் எக்ஸ்வி6 அப்போது 31 ரெஜிஸ்டர்களையும் நின்ற இடத்தின் முகவரியையும் ட்ராப்ஃப்ரேம் என்ற தனி நினைவக இடத்தில் சேமிக்கிறது. ஆனால் அது கெர்னலின் வாசலில் நடப்பது. நீங்கள் கேட்டதோ உள்ளே நடப்பதைப் பற்றி.

விடைக்குறிப்பைத் திருத்தி, மறுமதிப்பீட்டுக்கு வரும் தாள்களுக்காவது அந்த 2 மதிப்பெண்ணைத் தாருங்கள். அடுத்த முறை அந்த நிரலையே வினாத்தாளில் அச்சிட்டு, 'இதில் டி0 ஏன் இல்லை?' என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
பூஜ்யம் போட்ட ஆசிரியன்