இரண்டு சம்பளம் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சாதாரண வருமானத்தில் ஒரு குடும்பம் நிம்மதியாக வாழ முடியுமா என்ற பேச்சு இப்போது எங்கள் ஊரில் எங்கு நாலு பேர் கூடினாலும் எழுகின்றது. முடியாது என்பதே பெரும்பாலும் முடிவாக இருக்கின்றது. சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கமொன்றில் நீண்டகாலம் கணக்குப் பார்த்தவன் என்ற வகையில், அந்த முடிவு பாதிதான் சரி என்பது என் கருத்து.

2026 ஜனவரி முதல் இலங்கையில் தனியார் துறையில் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. கணவன் ஒரு கடையிலும் மனைவி ஓர் ஆடைத் தொழிற்சாலையிலும் அந்தச் சம்பளத்துக்கு வேலை செய்தால், ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்குரிய 8 சதவீதம் கழிய, வீட்டுக்கு வருவது 55,200 ரூபா. நான்கு பேர் உள்ள வீட்டில் நாளுக்கு ஒன்றரைக் கிலோ அரிசி ஆகும் என்று வைத்தால், 2024 டிசம்பரில் அரசு நாட்டரிசிக்கு நிர்ணயித்த உச்ச விலையான 230 ரூபாப்படி மாதத்துக்கு 10,350 ரூபா. மீன், மரக்கறி, தேங்காய், பால்மா, மின்கட்டணம், எரிவாயு, பிள்ளைகளின் பிரயாணம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால், சொந்தக் காணியில் கிணறும் வீடும் உள்ள, கடனில்லாத குடும்பம் இந்தத் தொகைக்குள் மானமாக வாழலாம். கையில் பெரிதாக எதுவும் மிஞ்சாது என்பதும் உண்மை. இதற்குப் பெரிய காரணம் இலவசக் கல்வியும் அரச வைத்தியசாலைகளும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் ஒரு சத்திரசிகிச்சைக்குக் காசு கட்ட வேண்டியிருந்தால் இந்தக் கணக்கு ஒரே நாளில் உடைந்துவிடும்.

ஆனால் இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2019 ஆம் ஆண்டின் குடும்ப வருமான, செலவின ஆய்வின்படி நாட்டிலுள்ள குடும்பங்களில் பாதி மாதம் 53,333 ரூபாவுக்குக் குறைவாகவே உழைத்தன. அதாவது, இன்று இரண்டு பேர் மாதம் முழுவதும் உழைத்துக் கொண்டுவரும் காசு, அன்று நடுத்தரத்தில் நின்ற ஒரு குடும்பத்தின் வருமானத்தை இலக்கத்தில் மட்டுமே எட்டியிருக்கின்றது. இடையில் 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை அண்மித்தது. பின்னர் விலையேற்றத்தின் வேகம் தணிந்ததே தவிர, ஏறிய விலைகள் பழைய இடத்துக்கு வரவில்லை. ஆகவே செலவுக்குக் காணாது என்று சொல்பவர்களை ஊதாரிகள் என்று யாரும் சொல்லக் கூடாது.

அப்படியிருந்தும், ஒரே வருமானமுள்ள இரண்டு வீடுகளில் ஒன்று நிமிர்ந்து நிற்பதையும் மற்றது சரிவதையும் சங்கத்துக் கணக்குப் புத்தகங்களில் பல தடவை கண்டிருக்கின்றேன். சரிந்த வீட்டில் அநேகமாகக் கிழமைக்கடன், அதாவது பெண்கள் குழுவாகப் பெற்றுக் கிழமைதோறும் தவணை கட்டும் நுண்கடன், இருக்கும். தவணை எடுக்கும் நாளில் குழுத் தலைவியின் விறாந்தையில் பெண்கள் பாய் விரித்து, பொலித்தீன் பையில் சுற்றிய கடன் புத்தகங்களோடு இருப்பார்கள். ஒருத்தியிடம் காசு இல்லையென்றால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும் என்பதால், இல்லாதவள் வேலிப் பக்கமாகப் போய்ப் பக்கத்து வீட்டில் கைமாற்றாக வாங்கி வருவாள். சம்பளம் மாதத்துக்கு ஒரு முறை வருகின்றது, வேளாண்மைக் காசு போகத்துக்கு ஒரு முறை வருகின்றது, கடன்காரரோ கிழமைக்கு ஒரு முறை வருகின்றார். அந்த இடைவெளியை நிரப்பவே இரண்டாவது கடன், மூன்றாவது கடன். 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசு தள்ளுபடி செய்தது நல்ல காரியம். ஆனால் கடன் கொடுக்கும் முறை மாறாததால் அதே வீடுகளுக்குக் கடன் திரும்பவும் வந்து சேர்ந்தது.

இதைவிடப் பெரிய சுமை நாமே நம் தலையில் ஏற்றிக்கொண்டது. கிழக்கில் மகளுக்கு வீடு கொடுப்பது வழக்கம். பெண்ணின் கையில் ஒரு வீடு இருப்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை நான் அறிவேன், அந்த வழக்கத்தைக் கைவிடச் சொல்லவும் மாட்டேன். ஆனால் அந்த வீடு கொங்கிறீற் தட்டு வைத்ததாக, மாபிள் பதித்ததாக இருக்க வேண்டும் என்று கேட்கத் தொடங்கியது எப்போது? மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரையிலும் கிழக்கே எழுவான்கரையிலும், கதவு யன்னல்களுக்கு மேலான லின்டல் மட்டத்தோடு நின்றுபோன வீடுகளைப் பாருங்கள். கம்பி துருவேறி, கல் பாசி பிடித்து நிற்கும். தாயும் தகப்பனும் பின்னால் தகரப் பத்தியில் இருப்பார்கள். இரண்டு மகள்மார் உள்ள வீட்டில் மூத்தவளின் வீட்டுக்காகத் தாய் மத்திய கிழக்குக்குப் போவதும், இளையவள் தாயில்லாமல் வளர்வதும் நமக்குப் பழகிப்போய்விட்டன. 55,200 ரூபா சாப்பாட்டுக்குக் காணும், படிப்புக்கும் ஒருவாறு காணும். இந்த வீடுகளுக்கு அதன் இரண்டு மடங்கும் காணாது.

ஆகவே சம்பளத்தை உயர்த்தக் கேட்பதோடு வேறு இரண்டையும் நாம் கேட்க வேண்டும். கடன் கொடுப்பவர்கள் அந்த வீட்டில் ஏற்கனவே உள்ள கடன்களைப் பார்த்த பின்பே கொடுக்க வேண்டும் என்பதும், தவணையை வருமானம் வரும் காலத்தோடு பொருத்த வேண்டும் என்பதும் சட்டமாக வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் ஓர் அறையும் குசினியும் உள்ள வீட்டை மனமுவந்து ஏற்க வேண்டும். மீதியைத் தம்பதியர் தங்கள் உழைப்பில் கட்டிக்கொள்ளலாம், அதற்குக் கூட்டுறவுச் சங்கங்கள் சிறுகச் சிறுகக் கடன் கொடுக்கலாம். எங்கள் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் இதைத் தீர்மானமாக முன்வைக்க இருக்கின்றேன். மாவட்டத்தின் மற்றச் சங்கங்களும் ஆலய பரிபாலன சபைகளும் இதைப் பற்றித் தமது கருத்தை இதே பகுதியில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கின்றேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவு ஊழியர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.