அது பழைய படகு அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் முதல் உலகப் போரில் பிரிட்டன், ஜெர்மனி கடற்படைகள் மோதிய ஜட்லாந்து கடற்போர் பற்றிய கட்டுரை படித்தேன். பீரங்கியின் அளவு வரை எழுதியவர், ‘கூடவே ஒரு பழைய பயணிகள் படகும் போனது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பெயர்கூட இல்லை.

அதன் பெயர் எங்கடைன். 1911இல் கட்டியது. இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டனுக்கும் பிரான்ஸின் பூலோனுக்கும் நடுவே ஆள் ஏற்றிக்கொண்டிருந்த அதை பிரிட்டிஷ் கடற்படை 1914இல் எடுத்துக்கொண்டபோது வயது மூன்று! அந்தக் கிறிஸ்துமஸ் அன்றே ஜெர்மனியின் குக்ஸ்ஹாஃபன் மீதான தாக்குதலுக்கு விமானங்களைக் கொண்டுபோனது. 1916 மே 31 அன்று ஜட்லாந்தில், கிரேனால் தண்ணீரில் இறக்கிய அதன் மிதவை விமானம்தான் எதிரிக் கப்பல்களை வானிலிருந்து வேவு பார்த்தது. கடற்படைகள் நேருக்கு நேர் மோதிய போரில் விமானம் அந்த வேலைக்குப் போனது அதுவே முதல் முறை. பெட்ரோல் குழாய் உடைந்ததும் விமானி ரட்லண்ட் கடலில் இறங்கி, உயிர்காப்புச் சட்டையின் ரப்பர் குழாயை வைத்துச் சரிசெய்தார். அன்று இரவு, அடிபட்ட வாரியர் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை இழுத்துக்கொண்டு வந்ததும் இதே ‘படகு’தான். வாரியர் இனி தேறாது என்றானதும் அதிலிருந்த அறுநூறுக்கும் மேற்பட்டோரைத் தன்மேல் ஏற்றிக்கொண்டது.

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது? நான் நம் கடற்படையின் எண்ணெய்க் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவன். ஓடுகிற போர்க்கப்பலுக்குப் பக்கத்திலேயே அதே வேகத்தில் ஓடி, ஹோஸ் போட்டு எண்ணெய் கொடுப்போம். இன்ஜின் சுற்று கொஞ்சம் கூடிக் குறைந்தாலும் ஹோஸ் அறுந்துவிடும். விடுமுறைக்குக் காட்பாடி வந்தால், “நீங்க சண்டையெல்லாம் போடலியா?” என்பார்கள். உங்கள் பத்திரிகையும் அப்படித்தானே? ஜூலை 10 வந்தால் வேலூர்க் கோட்டைப் புரட்சிக்கு முழுப் பக்கம். ராணுவப்பேட்டை என்று கம்மவான்பேட்டைக்குத் தனிக் கட்டுரை. இரண்டும் நியாயம்தான். ஆனால் இந்த மாவட்டத்திலிருந்து கடலுக்குப் போனவர்களைப் பற்றி ஒரு பத்தி உண்டா? முன்பு இதையே எழுதினேன். கடைசி இரண்டு வரியை மட்டும் போட்டீர்கள். அதற்கும் நன்றி சொல்லி அட்டை போட்டேன்.

எங்கடைன் பிறகு பிலிப்பைன்ஸுக்கு விற்கப்பட்டு, கொரெஹிடோர் என்ற பெயரில் மறுபடி ஆள் ஏற்றியது. 1941 டிசம்பரில் மணிலா விரிகுடாவில் கண்ணிவெடியில் மோதி, நூற்றுக்கணக்கான பயணிகளோடு மூழ்கியது. இதெல்லாம் தாங்கள் அறியாதது அல்ல.

கட்டுரையைத் திருத்தி எழுதச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு அந்தக் கப்பலின் பெயரையும் 1911 என்ற ஆண்டையும் மட்டும் திருத்தமாக வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கடற்படை வீரர்,
காட்பாடி