கோட்டையிலிருந்து தூண் வரை

ஆசிரியர் அவர்களுக்கு,

புனித ஜார்ஜ் கோட்டையைப் பார்க்க வருபவர்கள் வெள்ளிக்கிழமையைத் தவிர்ப்பது நல்லது. அன்று அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. உள்ளே தலைமைச் செயலகம் இருப்பதால் வாயிலில் சோதனை உண்டு, அடையாள அட்டை வேண்டும்.

1796இல் சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் எரிந்தது இந்த அருங்காட்சியகக் கட்டடத்தின் உச்சியில்தான், தேங்காய் எண்ணெயில். 1844இல் அது தற்போதைய உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள டோரிக் எனும் பண்டைய கிரேக்கப் பாணித் தூணுக்கும், 1894இல் நீதிமன்றக் கோபுரத்துக்கும், 1977இல் மெரினாவுக்கும் மாறியது.

தூணைப் பழுதுபார்க்கும்போது சிமெண்ட் பூசவே கூடாது. கடற்காற்றின் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கும். உப்பு படிகமாகிக் கல்லை உரித்துவிடும். சுண்ணாம்புக் காரையே சரி. நீதிமன்ற விடுமுறை நாட்களிலாவது பொதுமக்களைத் தூணருகே அனுமதிக்க வேண்டுகிறேன்.

– வாசகர், சென்னை