மாத்திரை தந்தால் போதுமா, உடம்பை யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தாராவியில் இருபது வருஷமாக இருக்கும் திருநங்கை. எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, அதை அடக்கி வைக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரையைப் பதினோரு வருஷமாகச் சாப்பிடுகிறேன், நன்றாகவே இருக்கிறேன். மாத்திரையும், ரத்தத்தில் வைரஸ் அளவைப் பார்க்கும் வைரல் லோடு பரிசோதனையும் இலவசமாகக் கிடைக்கின்றன, அதில் குறை சொல்ல வரவில்லை. ஆனால் டப்பாவைக் கையில் கொடுத்ததோடு எங்களைக் கவனிப்பது முடிந்துவிடுகிறது.

போன மழைக்காலத்தில் என் சேலா, அதாவது என்னைக் குருவாக ஏற்ற இளைய திருநங்கை, ஒருத்திக்கு ஆசனவாயில் வலி, சீழ், கொஞ்சம் ரத்தம். ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். பெண்கள் வரிசையில் நின்றோம், அந்தப் பக்கம் போ என்றார்கள். ஆண்கள் வரிசையில் எல்லோரும் போனை விட்டுவிட்டு எங்களையே பார்த்தார்கள். டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை, சீட்டைப் பார்த்து "எச்.ஐ.வி. கேஸ்" என்று நர்ஸிடம் சத்தமாகச் சொன்னார், கதவு திறந்தே இருந்தது. சிறுநீர் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்ததும் மூலத்துக்குக் களிம்பு எழுதிக் கொடுத்தார். மூன்று வாரம் அதைத் தடவிக்கொண்டு, உட்கார முடியாமல் ஒருக்களித்தே கிடந்தாள். அப்புறம் வேறொரு கிளினிக்கில் ஒரு டாக்டரம்மா எந்த வழியாக உறவு என்று சாதாரணமாகக் கேட்டார், கையுறை போட்டுப் பார்த்தார், பஞ்சுக்குச்சியால் உள்ளே தொட்டெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். உடலுறவில் தொற்றும் கொனோரியா. ஒரு ஊசியும் ஒரு வார மாத்திரையும், சரியாகிவிட்டது. ஆசனவாயில் இருக்கும் கொனோரியா சிறுநீரில் தெரியாமலே போகலாம், தொண்டையிலும் வரும், பல பேருக்கு வலிகூட இருக்காது என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

வைரஸ் அளவு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவில் எச்.ஐ.வி. பரவாது. இதை எங்களில் நிறைய பேருக்கு யாரும் சொன்னதே இல்லை, சொன்னால் எவ்வளவு பாரம் இறங்கும் தெரியுமா? ஆனால் சிபிலிஸும் கொனோரியாவும் வராமல் அது தடுக்காது, அதற்கு ஆணுறையும் அவ்வப்போது பரிசோதனையும் வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு ஆசனவாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம்.

ஹார்மோன் விஷயம் இன்னும் மோசம். உடம்பு பெண்ணாக மாற வேண்டும் என்று மெடிக்கலில் மாலா-டி என்ற கருத்தடை மாத்திரையை வாங்கித் தினமும் மூன்று, நான்கு போடும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதனால் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு, சிகரெட் பிடித்தால் இன்னும் கூடும். ஏ.ஆர்.டி. போட்டால் மார்பு வளராது என்று பயந்து ஏ.ஆர்.டி.யை நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ராத்திரி தலை சுற்றுமே, அந்தப் பழைய எஃபவிரென்ஸ் மருந்து ஹார்மோன் அளவைக் குறைக்கக்கூடியதுதான், இப்போது தருகிற டோலுடெக்ராவிர் மாத்திரையில் அந்தக் கவலை இல்லை. கவுண்டரில் ஒரு நிமிஷம் பேசினால் தீர்ந்துபோகும் பயம் இது.

2017 எச்.ஐ.வி. சட்டப்படி எங்கள் சம்மதம் இல்லாமல் எங்கள் நிலையை வெளியே சொல்லக்கூடாது, இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் மருத்துவமனையில் புகார் அதிகாரி இருக்க வேண்டும். 2019 திருநர் சட்டத்தின் 15-ஆம் பிரிவு ஹார்மோன் சிகிச்சைக்கும், எங்கள் உடம்பைப் பற்றி டாக்டர்களின் பாடத்திட்டத்தை மறுபடி பார்ப்பதற்கும் வழி சொல்கிறது. நான் கேட்பது, மாத்திரை வாங்கும் அதே நாளில், அதே இடத்தில், கதவு மூடிய ஓர் அறையில் இந்தப் பரிசோதனைகளையும் செய்துவிட வேண்டும். பயிற்சி பெற்ற திருநங்கை ஒருவர் அங்கே வேலையில் இருக்கட்டும். தாராவி, சயான் பக்கம் தமிழ் தெரிந்தவராக இருந்தால் ரொம்ப நல்லது. எனக்குக் கடை கடையாகப் போய்க் காசு கேட்கும் அளவுக்கு இந்தி வரும், எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று டாக்டரிடம் இந்தியில் சொல்ல வராது.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒரு டாக்டரைக் கொண்டு இதையெல்லாம் தமிழில் எழுதுங்கள். எச்.ஐ.வி. பற்றிக் கேட்க 1097 என்ற இலவச எண் இருப்பதையும் கூடவே போடுங்கள். என் பெயரைப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு திருநங்கை,
தாராவி, மும்பை