குறைந்துபோன ஷிப்டுகளின் கணக்கு: ஒன்றிய வணிகம், தொழில் துறை அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கும் அமைச்சக அதிகாரிகளுக்கும் வணக்கம்.

திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனங்களுக்கு டி-சர்ட் தைத்துக் கொடுக்கும் ஒரு பவர் டேபிள் யூனிட்டில் (மின் தையல் இயந்திரங்கள் கொண்ட சிறு தையலகத்தில்) பத்தொன்பது ஆண்டுகளாகச் சம்பளக் கணக்கு எழுதி வருகிறேன். நீங்கள் பிற நாடுகளுடன் பேசி முடிக்கும் வரி விகிதங்களும், அவர்கள் நம்மீது சுமத்தும் வரிகளும், சனிக்கிழமை மாலையில் நான் விரித்து வைக்கும் சம்பள நோட்டில்தான் கடைசியாக வந்து விழுகின்றன என்பதால் இந்த மடலை எழுதுகிறேன்.

2025 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மீது 25 சதவீதக் கூடுதல் வரி விதித்தது. அதே மாதம் 27 அன்று, ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி இன்னொரு 25 சதவீதத்தைச் சேர்த்தது. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அப்போது இருந்த கூடுதல் வரி 20 சதவீதம்தான். அமெரிக்க வாங்குநர் விலையைக் குறைக்கச் சொன்னார். எங்களுக்கு வேலை தரும் நிறுவனம் அதில் ஒரு பங்கை எங்கள் பீஸ் ரேட்டில், அதாவது ஓர் உருப்படிக்குத் தரும் கூலியில், கழித்தது. கழித்த பிறகும் கட்டிங் முடிந்த துணி முன்புபோல வரவில்லை.

எங்கள் யூனிட்டில் கைமடிக்கும் பெண் ஒருவரின் பெயருக்கு நேரே ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒன்பது ஷிப்ட் என்று எழுதினேன். நாளொன்றுக்கு ஒன்றரை ஷிப்ட் வீதம் ஆறு நாள். செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் அதே இடத்தில் நான்கு என்று எழுதினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கவரைப் பிரித்து, குழுக் கடன் தவணைக்கான பணத்தை முதலில் எடுத்துத் தனியாக மடித்து வைத்துக்கொண்டு, மீதியை இரண்டு முறை எண்ணினார்.

அவரை யாரும் வேலையைவிட்டு நீக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். மந்தம் வந்தால் இங்கே ஆளை நிறுத்துவதைவிட ஷிப்டைக் குறைப்பதே வழக்கம். ஆகவே வேலையிழந்தோர் பட்டியல் எதிலும் அவர் பெயர் வராது. வேலை போனவருக்கு அதிகபட்சம் 90 நாள் வரை ஊதியத்தில் ஒரு பங்கைத் தரும் திட்டம் ஒன்று 2018இல் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டில் தொடங்கப்பட்டது, ஆனால் அதற்கு வேலை முழுதாகப் போயிருக்க வேண்டும், அதற்கு முன்பே இ.எஸ்.ஐ.யில் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். என் நோட்டில் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பதிவே இல்லை. இது எங்களைப் போன்ற சிறு யூனிட்டுகளின் குறை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

2025 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஏற்றுமதியாளர்களுக்கு 20,000 கோடி ரூபாய் வரையிலான கூடுதல் கடனுக்கு உத்தரவாதம் அளிக்க ஒப்புதல் தந்தது. ஏற்றுமதியாளர் நின்றால்தான் எங்களுக்கு வேலை வரும். அந்த உதவியில் எனக்குக் குறையில்லை. ஆனால் தைத்தவருக்கும் மடித்தவருக்கும் போன ஷிப்டுகளுக்கு அதில் எந்த வழியும் இல்லை.

நான் தாராள வணிகத்துக்கு எதிரியல்லன். 1974 முதல் 2004 முடியும்வரை பணக்கார நாடுகள் தங்கள் ஆலைத் தொழிலாளர்களைக் காக்க, நம்மைப் போன்ற நாடுகளின் துணி இறக்குமதிக்கு அளவு வரம்பு வைத்திருந்த கோட்டா முறை ஒழிந்த பிறகு விரிந்த ஏற்றுமதியில்தான் என் வேலையும் வந்தது. இறக்குமதி வரி போட்டுவிட்டால் உள்நாட்டுத் தொழிலாளி பிழைத்துக்கொள்வார் என்ற பேச்சையும் என்னால் ஏற்க முடியவில்லை. 2021 பிப்ரவரியில் பருத்திக்கு 11 சதவீத இறக்குமதி வரி வந்தது. அடுத்த ஆண்டு மே மாதத்தில், விளைச்சல் குறைவும் உலகச் சந்தை ஏற்றமும் சேர்ந்து, 356 கிலோ கொண்ட ஒரு கண்டி பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. வரி அதற்கு முன்பே, ஏப்ரலில், நிறுத்திவைக்கப்பட்டும் நூல் விலை இறங்காமல் திருப்பூர் இரண்டு நாள் கதவடைத்தது. 2025 ஆகஸ்டில் அதே வரியை மீண்டும் நீக்கியபோது, அறுவடைக்குக் காத்திருந்த பருத்தி விவசாயி தன் விலை விழுமென்று அஞ்சினார். அவர் அச்சம் நியாயமானது. வரியைப் போட்டாலும் எடுத்தாலும் அடிபடுபவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கென்று முன்கூட்டியே எதையும் ஒதுக்கி வைப்பதில்லை என்பதுதான் என் முறையீடு.

அமெரிக்கா 1962லேயே, இறக்குமதியால் வேலை இழப்பவர்களுக்கு உதவித்தொகையும் மறுபயிற்சியும் தரும் சட்டம் இயற்றியது. அந்தத் திட்டத்தை 2022இல் காலாவதியாக விட்டுவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் இதற்கென 2007 முதல் ஒரு நிதியம் வைத்திருக்கிறது. இந்தியாவுக்கும் அப்படியொரு நிதியம் வேண்டும். சுங்க வரி வருவாயில் ஒரு சிறு பங்கை அதற்கு ஒதுக்கலாம். ஆனால் வேலை போனவருக்கு மட்டும் என்று அதை வகுத்துவிடாதீர்கள். குறைந்த ஷிப்டுக்கும் ஈடு தருவதாக அது இருக்க வேண்டும். அடுத்த ஒப்பந்தப் பேச்சுக்கு முன் ஏற்றுமதியாளர் சங்கங்களை அழைக்கும்போது தொழிற்சங்கங்களையும் பவர் டேபிள் உரிமையாளர்களையும் அதே கூட்டத்துக்கு அழையுங்கள்.

அமெரிக்க வரி எத்தனை முறை மாறினாலும் அந்தச் செப்டம்பரில் போன ஐந்து ஷிப்டுகள் அந்தப் பெண்ணுக்குத் திரும்பி வரவில்லை. எத்தனை பேருக்கு எத்தனை ஷிப்ட் குறைந்தது என்ற கணக்கு என் நோட்டில் வாரவாரியாக இருக்கிறது. கேட்டு ஆள் அனுப்பினால், பெயர்களை மறைத்துவிட்டுக் கொடுக்க ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
சம்பளக் கணக்கர் ஒருவர்,
திருப்பூர்.